மூலைக்கு ஒருத்தி

அன்றைக்கு மூன்றாவது தடவையாக விரிப்பின் ஓரம் ஒரு விரல் அகலம் விலகி நின்றபோது ரேடியோ முதலில் மெஷினைத் திட்டினாள். பிறகு துணியை நெய்தவனைத் திட்டினாள். அதுவும் போதாமல் வெளியே பெய்துகொண்டிருந்த மழையைத் திட்டினாள். இந்த ஈரக்காற்றில் துணி சுருங்காமல் என்ன செய்யும் என்றாள். எதிர்முனையில் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியைத் திட்டவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவேயில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அண்ணியின் கைப்பிடியில் ஒரு நூல்கூடப் பிசகியது கிடையாது.

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. ஒரு கோடியில் துவைக்கும் மெஷின்கள் கடகடக்கும். நடுவில் ஆள் உயர உருளை மெஷின். அதன் வாயில் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் அப்பளமாகக் காய்ந்து, கை பொறுக்காத சூட்டில் வெளியே வரும். அதை மடிக்க ஆளுக்கு இரண்டு மூலையாக இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி குரல் கொடுக்க வேண்டும், மற்றவள் அதற்குக் கை கொடுக்க வேண்டும். பிடி, உதறு, மடி, வா. "வா" என்றதும் இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து மூலையை மூலையோடு சேர்த்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி விலக வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு தடவை இப்படிச் சந்தித்துப் பிரிய வேண்டும். குரல் கொடுப்பது எப்போதும் ரேடியோதான். அதைக் கேட்கவும் வேண்டுமா? அவள் வாய் மூடியிருந்து பார்த்தவர்கள் அந்தக் கூடத்தில் யாருமில்லை. பேரே அதனால் வந்ததுதான்.

அண்ணி அவளுக்கு அண்ணன் மனைவி. ரேடியோ "அண்ணி, அண்ணி" என்று ஓயாமல் கூப்பிட்டதில், சலவைக்கூடத்தில் முதலாளி முதல் மூட்டை இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு ரேடியோ அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றபோது, அடுத்த நாள் காலையிலேயே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க வைத்தவள் அண்ணி. அழுவதற்கு நேரமே கொடுக்கவில்லை. இருவருக்கும் வயது இரண்டே வாரம்தான் வித்தியாசம். நீங்க, வாங்க எல்லாம் எப்போதோ உதிர்ந்து போய்விட்டது. அண்ணனுக்கும் அதே கூடத்தில் கொதிகலன் வேலை. அவருக்குப் பெயர் பாய்லர். மூன்று பேருக்கும் சலவைக்கூடத்துக்குப் பின் தெருவில், மாடியில் இரண்டு அறை.

நாலாவது விரிப்பும் விலகியது. ரேடியோ துணியைக் கீழே விட்டுவிட்டு அண்ணியிடம் போனாள்.

"என்ன அண்ணி, தூக்கமா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் இப்படிப் பிடிக்கறே? ஓரம் எங்கேயோ போகுது பாரு."

அண்ணி துணியின் ஓரத்தைப் பார்த்தாள். தலையைச் சற்றே திருப்பி, இடக்கண்ணால் பார்த்தாள். அவள் தலை திரும்பிய விதம் ரேடியோவுக்கு எப்படியோ இருந்தது. அறுபத்தைந்து வயது வரை நேருக்கு நேராகப் பார்த்துப் பழகியவள் திடீரென்று கோழி மாதிரி ஏன் ஒருக்களித்துப் பார்க்கிறாள்? ரேடியோ கையை நீட்டி அண்ணியின் இடக்கண்ணை மறைத்தாள்.

"இப்போ ஓரத்தைக் காட்டு."

அண்ணி விரலை வைத்தாள். ஓரத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் வைத்தாள்.

"நெளியுது," என்றாள் அண்ணி மெதுவாக. "நேரா இருக்கற கோடெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு தெரியுது. நடுவுல ஒரு கறுப்பு."

ரேடியோ கையை எடுத்தாள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அண்ணி பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது அவளுக்குத் தெரியும். சொட்டு மருந்துக்கு என்று சொல்லிவிட்டுப் போவாள். மற்ற விவரமெல்லாம் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான், அதுவும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியபிறகுதான் வெளியே வந்தது. சொட்டு மருந்தெல்லாம் இல்லை. ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. ஒன்றரை வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். விழித்திரையில் கசிகிற ரத்தத்தை அது கட்டுப்படுத்தி வைக்குமாம். போடுகிற வரை பார்வை நிற்கும், நிறுத்தினால் போய்விடும். இப்போது இரண்டு ஊசி தவறிப்போயிருக்கிறது.

"ஏன் போகலே?"

"போனேன். கார்டைக் காட்டினேன். இந்தக் கார்டுக்கு இந்த ஆஸ்பத்திரி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. காசு கொடுத்துப் போட்டுக்கலாம். ஒரு ஊசி நம்ம ரெண்டு பேர் சம்பளம்."

ரேடியோவின் கையில் இருந்த ரொட்டி தேநீரில் ஊறி, உடைந்து, உள்ளே விழுந்துவிட்டது. எந்தக் கார்டு என்று அவள் கேட்கவேண்டியதில்லை. அந்தக் கார்டை அண்ணியின் கையில் திணித்ததே அவள்தான்.

மூன்று மாதத்துக்கு முந்திய கதை அது. அறுபத்தைந்து ஆனதும் சலவைக்கூடத்தின் காப்பீடு தானாக முடிந்துவிடும்; அதற்குப் பிறகு அரசாங்கக் காப்பீடு. அதில் இரண்டு வழி. ஒன்று பொதுத் திட்டம். எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், செலவில் ஐந்தில் நாலு பங்கை அரசாங்கம் கட்டும், மிச்சத்துக்கு நாமே ஒரு துணைக் காப்பீடு எடுத்து மாசாமாசம் பணம் கட்ட வேண்டும். இன்னொன்று இணைப்புத் திட்டம். அரசாங்கத்தின் சார்பில் ஒரு கம்பெனி நடத்துவது. மாசக் கட்டணம் பேருக்குத்தான். பல்லும் கண்ணாடியும் இலவசம். ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டுமே போகவேண்டும். இந்த விவரமெல்லாம் நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகமாகத் தபாலில் வந்தது. ரேடியோ அதை மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து கழுத்துப் பட்டை கட்டிய ஒருவர் வந்தார். அவருடைய காகிதத்தில் முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு கிழவியின் படம் இருந்தது. ரேடியோவுக்குக் கடைவாயில் மூன்று, முன்னால் இரண்டு விழுந்தாயிற்று, மிச்சமெல்லாம் ஆட்டம். பத்து வருஷமாக ரொட்டியைத் தேநீரில் முக்கித்தான் சாப்பிடுகிறாள். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவரைக் குறை சொல்லக்கூடாது. அந்த மனிதர் முறையாகத்தான் கேட்டார், உங்கள் இருவரில் யாராவது எந்த டாக்டரிடமாவது தொடர்ந்து போகிறீர்களா என்று. கேள்வி முடிவதற்குள் ரேடியோ பதில் சொல்லியாயிற்று.

"எங்களுக்கென்ன சார், ரெண்டு பேரும் இரும்பு மாதிரி இருக்கோம். எங்கே கையெழுத்துப் போடணும்?"

போட்டாள். பேனாவை அண்ணி பக்கம் தள்ளினாள். அண்ணி வாயைத் திறந்தது இப்போதுதான் ரேடியோவுக்கு ஞாபகம் வந்தது. திறந்தாள், மூடிக்கொண்டாள், பேனாவை எடுத்தாள். முப்பத்தோரு வருஷமாக ரேடியோ குரல் கொடுத்தால் அண்ணியின் கை தானாக நகரும். அன்றைக்கும் நகர்ந்துவிட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"நீ இரும்பு மாதிரின்னுட்டே. அத்தனை பேர் உக்காந்திருந்தாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது? சரி, அங்கேயும் ஒரு கண் டாக்டர் இல்லாமலா போயிடுவாருன்னு நெனச்சேன்."

இருந்தார், ஒரே ஒருவர். அவரைப் பார்க்க நாலு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அண்ணி அதையும் ரகசியமாக விசாரித்து வைத்திருந்தாள்.

ஊசியை ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று ரேடியோ கேட்டாள். அண்ணி கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். உன்னிடம் சொல்வதும் கூரை மேல் ஏறிச் சொல்வதும் ஒன்றுதானே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் ரேடியோவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் ரேடியோ மேசைக்காலிலிருந்து புத்தகத்தை உருவினாள். மேசை ஆடியது. பாய்லர், "என் டீ கொட்டுதே" என்றார். அவரும் அரசாங்கக் காப்பீட்டில்தான் இருக்கிறார், ஆனால் எந்தத் திட்டம் என்று கேட்டால் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்காரர் எழுதிக் கொடுத்தார், இவர் கையெழுத்துப் போட்டார். கார்டு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டப்பாவில் இருக்கிறது. நீராவி அழுத்தம் ஏறுவது, முள் நகர்வதற்கு முன்னமே அவருக்கு வாசனையில் தெரியும். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது.

புத்தகத்தின் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அண்ணியால் படிக்க முடியாது. ரேடியோ உரக்கப் படித்தாள். படித்தாள் என்றா சொல்வது, பாய்ந்தாள். ஒரு வரி படித்து, "இது நமக்கில்லே" என்று நாலு வரி தாண்டி, நடுவில் கம்பெனிக்காரரை வைது, மறுபடி எங்கே விட்டோம் என்று தேடுவாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அந்த வரியைத் தாண்டிட்டே," என்றாள்.

"எந்த வரி?"

"புதுசா சேர்ந்தவங்க மாறிக்கலாம்னு ஆரம்பிச்சியே."

ரேடியோ திரும்பிப் போய்த் தேடினாள். இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு முறை பொதுத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதைத் தவறவிட்டால் வருஷக் கடைசியில்தான் அடுத்த வாய்ப்பு. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். இருபத்தொன்றாம் தேதி. மூன்றாவது மாதம். ஒன்பது நாள் இருந்தது.

வருஷக் கடைசிக்கு இன்னும் ஆறு மாதம். அதற்குள் அந்தக் கறுப்பு எவ்வளவு பெரிதாகும்? ரேடியோ புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் தினமும் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் புத்தகம்தான். ரேடியோ படிப்பாள், அண்ணி கேட்பாள், பாய்லர் வெங்காயம் உரிப்பார். அந்த மனிதர் கரண்டி பிடித்ததை அவர்கள் பார்த்ததே இல்லை. முட்டையைக் கருக்கி வைத்தார். மூன்று பேரும் அதையே சாப்பிட்டார்கள். "மறுபடி படி" என்பாள் அண்ணி. ரேடியோ மறுபடி படிப்பாள். முதல் நாள் எரிச்சல் வந்தது. இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் ஒரு வரியைத் தாண்டப் போகும்போதே அண்ணியின் புருவம் சுருங்குவதைப் பார்த்துத் தானாகவே திரும்பி வந்தாள்.

நாலாம் நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லி ஒரு சங்கீதம் போட்டார்கள். ஐம்பது நிமிஷம். போனில் ஆளில்லாமல் ஐம்பது நிமிஷம் ரேடியோ வாய் மூடி உட்கார்ந்திருந்தாள் என்பதை மறுநாள் சலவைக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. வழக்கமாக என்றால் ரேடியோ தன் பிறந்த வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பித்திருப்பாள். அன்றைக்கு ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்த நாலு கேள்வியை மட்டும் கேட்டாள், பதிலை முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மாறலாம். போனில் முடியாது, சம்பந்தப்பட்டவர் உதவி மையத்துக்கு நேரில் வரவேண்டும். மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட்டால் அடுத்த முதல் தேதியிலிருந்து செல்லும்.

போனை வைத்தபோது அவளுக்கு ஒரு முடிவு வந்திருந்தது. தானும் மாறிவிடுவது. அண்ணியை இழுத்துக்கொண்டு போய்க் குழியில் தள்ளியவள் தான். இப்போது அண்ணி ஏறிப் போகும்போது தான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பதா? அடுத்த மாதம் பத்தாம் தேதி பல் டாக்டரிடம் நாள் குறித்திருந்தது. அந்தச் சீட்டை மடித்து அலமாரியின் அடியில் போட்டாள். பல் இல்லாவிட்டால் என்ன, ரொட்டி இருக்கிறது, தேநீர் இருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. பல்லுக்காகவா அண்ணிக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

உதவி மையம் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மழையில் நனைந்த குடைகளை வாசலில் ஒரு வாளியில் போடச் சொன்னார்கள். நீள பெஞ்சில் வரிசையாகக் கிழவர்கள், கிழவிகள். எல்லோர் மடியிலும் அதே புத்தகம். சிலர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் எண் ஐம்பத்தாறு. அண்ணி ஈரம் படாமல் மடித்து வைத்திருந்த ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். படிவத்தில் எந்த வரி என்று காட்ட ஒரு மர அடிக்கோலை வைத்திருந்தாள். காலையிலிருந்து ஒரே விஷயத்தை ஐம்பத்தைந்து பேருக்குச் சொல்லியிருப்பாள். ஐம்பத்தாறாவதாக வந்தவர்களையும் முதல் ஆளைப் போலவே உட்காரச் சொன்னாள்.

ரேடியோ நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். கண், ஊசி, கார்டு, கம்பெனி, நெளிகிற கோடு, தன் தப்பு, ஒன்பது நாள், எல்லாம் மூச்சு விடாமல் வந்தது. நாலு நாளாகக் கட்டி வைத்திருந்த அணை. அந்த அம்மாள் பாதியில் அடிக்கோலை மெல்ல மேசையில் வைத்தாள்.

"ஊசி யாருக்கும்மா?"

"அண்ணிக்கு."

"அப்ப அவங்க சொல்லட்டும்."

அண்ணி துணிப்பையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு என்ன தெரியும், அவள் எங்கே பேசியிருக்கிறாள், தான் எடுத்துக் கொடுக்காவிட்டால் தடுமாறிப் போவாளே என்று ரேடியோவுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று செய்ததில்லை.

அண்ணி துணிப்பையை மேசைமேல் வைத்தாள்.

"நான் பொதுத் திட்டத்துக்கு மாறணும்," என்றாள். "என் டாக்டர் பொதுத் திட்டம் எடுத்துக்கறார். அங்கே நர்ஸைக் கேட்டுட்டேன். அவங்க எழுதிக் கொடுத்தது இதுல இருக்கு."

அந்த அம்மாள் தலையாட்டிப் படிவத்தை எடுத்தாள். அண்ணி நிறுத்தவில்லை.

"துணைக் காப்பீடும் இன்னிக்கே எழுதணும். சேர்ந்த ஆறு மாசத்துக்குள்ள கேட்டா, எந்த வியாதி இருந்தாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. அதுக்கப்புறம் கேட்டா என் கண்ணைக் காட்டி வேண்டாம்னுடுவாங்க. எனக்கு மூணு மாசம் போயிடுச்சு, மூணு மாசம்தான் பாக்கி. சரிதானே?"

"சரிம்மா."

"ஊசியை டாக்டர் ஆஸ்பத்திரியில போடறதால அது ஆஸ்பத்திரிப் பகுதியில வரும். ஆனா என் சர்க்கரை மாத்திரை வராது. இப்ப இருக்கற திட்டத்துல மாத்திரை சேர்ந்தே இருக்கு. பொதுவுக்குப் போனா மருந்துத் திட்டம் தனியா எடுக்கணும். எடுக்காம விட்டா அப்புறம் எப்ப எடுத்தாலும் சாகற வரைக்கும் அபராதம். நாப்பத்தேழாம் பக்கம்."

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னிடமிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் அடிக்கோலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

"எத்தனை தடவைம்மா படிச்சீங்க?"

"நான் படிக்கலே. எனக்கு எழுத்துத் தெரியறதில்லே இப்போ. இவதான் படிச்சா," என்றாள் அண்ணி. "நல்லா நிறுத்தி நிறுத்திப் படிச்சா."

ரேடியோ வாய் வலிக்கப் படித்தாள், உண்மைதான். படித்ததில் பாதி அவளுக்கே மறந்துபோயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவள் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு மடிப்புக் கலையாமல் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறாள். முப்பத்தோரு வருஷம் எதிரில் நின்றும் இப்படி ஒருத்தி அங்கே இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. பெஞ்சில் இருந்த ஐம்பது பேரிடமும் எழுந்து போய், பாருங்கள், இவள் எங்கள் அண்ணி என்று சொல்லவேண்டும் போல இருந்தது.

மூன்று படிவம். மூன்றிலும் கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் அந்த அம்மாள் அடிக்கோலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அதன் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து, அதையொட்டியே எழுதினாள். கோடு நெளியவில்லை.

"உங்களுக்கும் மாத்தணுமா?" அந்த அம்மாள் ரேடியோவைக் கேட்டாள்.

"ஆமா," என்றாள் ரேடியோ.

"வேண்டாம்," என்றாள் அண்ணி.

ரேடியோ திரும்பினாள். அண்ணி துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பல் டாக்டரின் சீட்டு. அலமாரி அடியில் கிடந்தது, நாலாக மடித்தது.

"இவளுக்கு வேற எந்த வியாதியும் இல்லேம்மா. நெஜமாவே இரும்புதான். பல்லுதான் கிடையாது. பத்து வருஷமா ரொட்டியை முக்கித் தின்னுட்டிருக்கா. பல் டாக்டர் அவ லிஸ்ட்டுலயே இருக்கார், எங்க தெருவுக்குப் பின்னாடிதான். அவளுக்கு அந்தத் திட்டம்தான் சரி."

"நாளைக்கு எனக்கும் ஏதாவது வந்தா?" என்றாள் ரேடியோ.

"வந்தா வருஷக் கடைசியில மாறலாம். ஆனா துணைக் காப்பீட்டுக்காரன் அப்போ கேள்வி கேப்பான். அது தெரிஞ்சுதான் இருக்கணும். நான் உனக்கு மறைக்கலே. முடிவு உன்னது."

"அதில்லே அண்ணி. நாம எதையும் ஒண்ணாத்தானே..."

அண்ணி அவள் பக்கம் தலையைத் திருப்பினாள். ஒருக்களித்து, நல்ல கண்ணால் பார்த்தாள்.

"நீ அந்த மூலையில நிக்கறே, நான் இந்த மூலையில நிக்கறேன். அதனாலதான் மடிக்க முடியுது. ரெண்டு பேரும் ஒரே மூலையைப் பிடிச்சா என்ன ஆகும்?"

அந்த அம்மாள் அடிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ரேடியோ சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். பத்தாம் தேதி, காலை ஒன்பது மணி. அவள் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் தேதிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசி. ரேடியோவும் கூடப் போனாள். உள்ளே விடமாட்டேன் என்றார்கள், ரேடியோ பேசிய பேச்சில் விட்டார்கள். அண்ணி படுத்திருந்தாள். முகத்தில் ஒரு பச்சைத் துணி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஊசியைப் பார்த்ததும் ரேடியோதான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அண்ணி விரல்கூட அசைக்கவில்லை. ஒன்றரை வருஷம் இதைத் தனியாக வந்து போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்து, மத்தியான ஷிப்டில் விரிப்புப் பிடித்திருக்கிறாள். டாக்டர் சோதித்துவிட்டு, கொஞ்சம் போனது போனதுதான், இனி போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணி சரி என்றாள். கணக்காளர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் கட்டவேண்டியது ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். ரேடியோ அந்தக் கார்டை அவரிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கினாள்.

பத்தாம் தேதி அவள் முறை. மிச்சமிருந்த ஆட்டப் பற்களை ஒரே நாளில் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சை வைத்து அனுப்பினார்கள். மூன்று நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பாய்லர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் வேலைக்கு வராதே என்றார்கள். வந்தாள். கன்னம் இரண்டும் வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டி, உருளை மெஷினுக்கு முன்னால் தன் இடத்தில் போய் நின்றாள். மூட்டை இறக்குகிறவர்கூட ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். மெஷினிலிருந்து முதல் விரிப்பு ஆவி பறக்க வெளியே வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்தார்கள். பிடித்தபடியே நின்றார்கள். குரல் வரவில்லை. குரல் கொடுக்கிறவள் வாயில் பஞ்சு.

துணி ஆறிக்கொண்டிருந்தது. ரேடியோ கண்ணாலேயே என்னவோ கெஞ்சினாள்.

"உதறு," என்றாள் அண்ணி.

கூடமே திரும்பிப் பார்த்தது. அத்தனை மெஷின் சத்தத்திலும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. ரேடியோ உதறினாள்.

"மடி."

மடித்தாள். அண்ணி துணியின் ஓரத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே தையலைத் தேடிப் பிடித்தாள்.

"வா."

ரேடியோ நடந்து வந்தாள். எதிரிலிருந்து அண்ணி வந்தாள். மூலை மூலையோடு சேர்ந்தது. ரேடியோ குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். ஒரு நூல் விலகவில்லை. நிமிர்ந்தபோது அவள் கண்ணிலிருந்து தாடைத்துணி வரை ஈரமாக இருந்தது. பஞ்சுக்கு நடுவிலிருந்து ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்றாள் அண்ணி. கீழே தொங்கிய மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "முப்பத்தோரு வருஷம் நான் கேட்டேன். நீ மூணு நாள் கேளு. உதறு."